சிறுதேரும் சிற்றுந்தும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

     

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் இலக்கியம் பேசுவர், சமயம் பேசுவர், சமுதாயம் பேசுவர். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டதோ, மோட்டார் வண்டிகளைச் சிறிய வடிவில் செய்து மகிழும் ஒரு பொழுதுபோக்கு. இதைக் கேட்டுச் சிலர் முறுவலிப்பது இங்கிருந்தே தெரிகிறது. முறுவலிக்கட்டும். மண்டபத்தின் வாயிலில், சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்து மேசையில், ஒரு முழ நீளத்தில் பேருந்து ஒன்று நிற்கிறதே, அதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லீரும் உள்ளே வந்திருப்பீர்கள். அதைச் செய்தவன் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன். ஆறு திங்களுக்கு முன் அவன் தாயார் நம்மிடம் வந்து, "பையன் புத்தகத்தைத் தொடுகிறானில்லை, எந்நேரமும் அட்டையை நறுக்கிக்கொண்டே இருக்கிறான், நீங்கள்தான் சொல்லித் திருத்த வேண்டும்" என்று வருந்தினார். அவ்வருத்தத்துக்கு விடை கூறும் கடமை நமக்கு உண்டு. ஏனெனில், அவனுக்கு முதல் அட்டையையும் கத்தியையும் வாங்கிக் கொடுத்தவர் நாமே. அந்த அம்மையார்க்கு இச்செய்தி இன்றுதான் தெரிகிறது!

விளையாட்டு வண்டி தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர், குதிரை பூட்டாமல் உருட்டி விளையாடிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. தச்சர் புனைந்த, ஏறிச் செல்ல இயலாத விளையாட்டுத் தேரைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. பிற்காலத்தே எழுந்த ஆண்பாற் பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்களுள் இறுதியாக நிற்பது சிறுதேர்ப் பருவம். பாட்டுடைத் தலைவன் முருகனே ஆயினும், ஒரு சிறுதேரை உருட்டிய பின்னரே அவன் பிள்ளைமை நிறைவெய்துகிறது. ஆதலின், "இஃது என்ன வீண் வேலை" என்று கேட்போர் நம்மோடன்று, அப்புலவர் பெருமக்களோடு வழக்காட வேண்டியவராவர்.

ஏட்டை விட்டு நாட்டுக்கு வருவோம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் வளர்ந்த எவரும், நுங்கு உண்டபின் எஞ்சிய கூடுகள் இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்கோலால் தள்ளிக்கொண்டு ஓடியிருப்பர். உதிர்ந்த கமுகு மட்டையின் அகன்ற அடியில் ஒருவன் அமர, மற்றொருவன் நுனியைப் பற்றி இழுத்துச் செல்ல, செம்மண் தெருவெல்லாம் புழுதி பறந்த நாள்களை இங்குள்ள பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். தேய்ந்த ரப்பர்ச் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரமாக்கித் தீப்பெட்டியின் அடியில் பொருத்தியதும் அக்காலத்து மோட்டார்த் தொழிலே. செலவு ஒரு காசும் இல்லை. அடி வாங்கியது மட்டும் உண்டு, அதுவும் செருப்பு புதிதாக இருந்தபோது.

நுங்கு வண்டிக்கும் வாயிலில் நிற்கும் பேருந்துக்கும் இடையே ஒரே ஒரு வேறுபாடுதான். அது அளவு. விளையாட்டு வண்டி உண்மை வண்டியை நினைவூட்டினாற் போதும். மாதிரி வண்டியோ உண்மை வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் ஒரே விகிதத்தில் சுருக்கிக் காட்ட வேண்டும். அம்பாசிடர் சிற்றுந்தின் நீளம் சற்றேறக்குறைய 4 மீட்டர் 30 சென்டிமீட்டர். அதை நாற்பத்து மூன்றில் ஒரு பங்காகச் செய்தால் 10 சென்டிமீட்டர், அதாவது உள்ளங்கையில் அடங்கும். இருபத்து நான்கில் ஒரு பங்காகச் செய்தால் 18 சென்டிமீட்டர். நாற்பத்து மூன்று என்னும் இவ்வெண் எங்கிருந்து வந்தது என்று வியக்கலாம். ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டுப் பொம்மை இரயில் செய்தவர்கள் ஆங்கிலேயர். அவ்விரயில் நிலையத்தின் வாயிலில் நிறுத்தச் சிற்றுந்துகளும் வேண்டியிருந்தன. லிவர்ப்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பியின் நிறுவனம் 1934இல் டிங்கி என்னும் பெயரில் வெளியிட்ட உலோகச் சிற்றுந்துகளின் தோற்றம் அதுவே.

தீப்பெட்டி வண்டி நமக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடலாகாது. இலண்டனில் லெஸ்னி என்னும் வார்ப்புத் தொழிலகத்தில் பங்காளியாய் இருந்த ஜாக் ஓடெல் என்பாரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையையே கொண்டுவரலாம் என்று ஒரு விதி இருந்ததாம். தந்தையார் அவ்விதிக்கு அடங்கியே பித்தளையில் ஒரு சாலை உருளை எந்திரம் செய்து கொடுத்தார். 1953இல் தொடங்கிய மேட்ச்பாக்ஸ் வண்டிகள் உலகெங்கும் பரவியதற்கு அதுவே வித்து. டிங்கி வார்ப்பச்சுகள் சில, 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்து நிக்கி என்னும் பெயரில் வண்டிகளாயின. அவற்றுள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு சிற்றுந்தும் ஒன்று. மெய்யான ஹெரால்டு அந்நாளில் நம் சென்னையில் செய்யப்பட்டுவந்த வண்டி என்பதைச் சிறுவர்க்குச் சொல்லி வைப்போம்.

ஆனால், கடையில் வாங்கிய வண்டியை அலமாரியில் அடுக்குவது வேறு. தானே அளந்து செய்வது வேறு. நாம் பெரிதும் மதிப்பது இரண்டாவதையே. கேரளத்து இளைஞர் பலர் இன்று பேருந்துகளைச் சிற்றுருவாகச் செய்வதில் வியத்தகு திறம் பெற்றுள்ளனர். பிற நாடுகளில் சிற்றுந்துக்கு உள்ள மதிப்பை இந்நாட்டில் பேருந்து பெற்றிருப்பதற்குக் காரணம் உண்டு. நம் வீட்டு வாசலில் சிற்றுந்து நிற்பது அண்மைக் காலத்தில்தான். பேருந்தோ மூன்று தலைமுறையாக நம்மைச் சுமந்து வருகிறது.

அதிலும் நம் தெருக்கோடியில் ஓடும் சாலை தனிச் சிறப்புடையது. திருவிதாங்கூர் அரசின் போக்குவரத்தைச் சித்திரைத் திருநாள் மகாராஜா 1938 பிப்ரவரி 20ஆம் நாள் தொடங்கிவைத்தார். இலண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய சால்ட்டர் என்னும் ஆங்கிலேயர் அதற்கு மேற்பார்வையாளர். இங்கிலாந்திலிருந்து 60 காமர் அடிச்சட்டங்கள் வருவிக்கப்பட்டு, மேற்கூடு இங்கேயே கட்டப்பட்டது. அவ்வண்டிகள் முதன்முதல் ஓடிய தடம் திருவனந்தபுரம் நாகர்கோவில் தடமே; பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, களியக்காவிளை என்று நம் ஊர்களை ஊடறுத்துச் செல்லும் இதே சாலை. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சாலை ஒன்று, மாநிலம் இரண்டு. ஆகையால் நம் சிறுவர்க்கு இரண்டு அரசுகளின் பேருந்துகளையும் நாள்தோறும் காணும் பேறு வாய்த்திருக்கிறது. மாதிரி செய்வோர்க்கு இதனினும் நல்ல இடம் வேறெங்குக் கிடைக்கும்? கேரள அரசுப் பேருந்துகளின் பெரிய பணிமனையும் இதே சாலையில் பாப்பனங்கோட்டில்தான் உள்ளது.

நாலு முழ வேட்டியை அளப்பதுபோல் பேருந்தை அளந்துவிட இயலாது. ஓட்டுநரிடம் பணிவாகக் கேட்டு, வண்டி நிற்கும் சில நிமிடங்களில் சக்கரங்களின் இடைத்தூரத்தை மட்டும் நாடாவால் அளந்துகொண்டாற் போதும். அசோக் லேலண்டு வைக்கிங் வகையில் அது 222 அங்குலம். அதாவது 5 மீட்டர் 64 சென்டிமீட்டர். இருபத்து நான்கில் ஒரு பங்கு, 235 மில்லிமீட்டர். அடுத்து, வண்டியின் நடுவுக்கு நேராக, இயன்ற அளவு தொலைவில் நின்று பக்கவாட்டில் ஒரு படம் எடுக்க வேண்டும். அருகில் நின்று எடுத்தால் நடுச் சன்னல் பெருத்தும் ஓரச் சன்னல் சிறுத்தும் பொய் சொல்லும். அப்படத்தில் சக்கர இடைத்தூரம் 94 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியது 235. ஆகவே படத்து அளவு ஒவ்வொன்றையும் இரண்டரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். சன்னல், படி, விளக்கு, கூரை வளைவு அனைத்தும் இந்த ஒரு பெருக்கலில் வந்து விழும். பள்ளியில் விகிதம் என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றுவலி வரும் என்று சொன்ன பையன், இக்கணக்கைச் செய்துதான் அந்தப் பேருந்தின் பதினெட்டுத் தாள் வரைபடத்தை முடித்தான். அந்த அம்மையார் இதையும் குறித்துக்கொள்க.

இவ்வளவில் ஒரு மில்லிமீட்டர் பிழை, உண்மை வண்டியில் 24 மில்லிமீட்டர் பிழையாகும். கண் அதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். பாலராமபுரத்துச் சாலியத் தெருவில் பாவு நூலை எண்ணிய முன்னோரின் வழித்தோன்றல்கள் இவ்வவையில் உள்ளனர். பலராம வர்மா மகாராஜா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய அந்நெசவாளர்க்கு, ஓர் இழை பிசகினாற் சீலை முழுதும் பிசகும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

கருவிகள் மிகுதியாக வேண்டா. விளம்பரப் பலகை செய்வோர் கழித்துவிடும் மூன்று மில்லிமீட்டர் ஃபோம் ஷீட்டுத் துண்டுகள், எஃகு அளவுகோல், வெட்டுக்கத்தி, உப்புத்தாள், பசை. கத்தியை விரலை நோக்கி இழுக்கலாகாது என்பதற்கு நம் இடக்கைப் பெருவிரலே சான்று. ஒரே இழுப்பில் வெட்டிவிட எண்ணாமல் நாலைந்து முறை மெல்லக் கீறுவதே முறை. சன்னல் கண்ணாடிக்குத் தெளிந்த நெகிழித் தாள் போதும். ஆனால் அதை ஒட்ட ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையைத் தொடவே கூடாது. அதன் ஆவி பட்ட இடமெல்லாம் வெண்புகை படர்ந்து கண்ணாடி குருடாகும். வெள்ளைப் பசையே தக்கது. காயுமளவும் பொறுத்திருக்க மனம் வேண்டும். உண்மை வண்டியின் தகடு ஒரு மில்லிமீட்டர் தடிப்பு என்றால், நம் மாதிரியில் அது தாளினும் மெல்லியதாதல் வேண்டும். அது நடவாத செயல். ஆதலின் சக்கர வளைவு, படிக்கட்டு, சன்னல் விளிம்பு என்று கண்ணுக்குப் புலப்படும் ஓரங்களை மட்டும் உட்புறமாகச் சீவி மெலிதாக்கிவிடுவர் வல்லுநர். பார்ப்பவன் முழுச்சுவரும் மெல்லியது என்றே நம்புவான்.

வண்ணம் பூசுவதில் நம் ஊர் மழை ஒரு பெரும் பகை. இடவப்பாதியில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது தெளிப்பு வண்ணம் அடித்தால், பளபளப்பு வராமல் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துவிடும். பட்டி பார்த்து, தேய்த்து, அடிப்பூச்சு பூசி, வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டும். வாயிலில் நிற்கும் பேருந்து இருபது நாள் வண்ணமின்றி வெள்ளையாகவே கிடந்தது. தெளிப்பு வண்ணத்தைத் திண்ணையிலன்றி அறைக்குள் அடிக்க விடாதீர்கள். அந்நெடி நுரையீரலுக்கு ஆகாது.

இனி உருமாற்றுதல் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கேதான் பெற்றோர் செவிசாய்க்க வேண்டிய செய்தி இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பிய இளைஞன் ஒருவனுக்கு மோட்டார் சைக்கிள் கிடைத்தால், அவன் கை சும்மா இராது. ஒலிபோக்கியை மாற்றுவான், சக்கரத்தை மாற்றுவான், விளக்கை மாற்றுவான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாகத் திருத்துவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் அதையே உறுதிப்படுத்தியது. கேரளத்துச் சுற்றுலாப் பேருந்துகள் ஒரு காலத்தில் ஓவியமும் வண்ண விளக்கும் பேரொலியுமாகத் திருவிழாக் கோலத்தில் ஓடியதை அறிவீர்கள். 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரி அருகே, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி விரைந்த சுற்றுலாப் பேருந்து அரசுப் பேருந்தின்மேல் மோதி ஒன்பது உயிர்கள் மாய்ந்தன. அதன் பின்னர், சுற்றுலாப் பேருந்துகள் அனைத்தும் வெள்ளை வண்ணத்துக்கு மாறவேண்டும் என்ற விதி கடுமையாக நடப்பிற்கு வந்தது. அந்த ஓவியப் பேருந்துகளை ஆசையோடு செய்துவைத்திருந்த சிறுவர்களின் அலமாரியில் மட்டும் அவை பழைய கோலத்தோடு நின்றன. அங்கே அவை எவர்மேலும் மோதா.

சாலையில் விலக்கப்பட்டது மேசையில் விலக்கன்று. கடையில் வாங்கிய உலோக அம்பாசிடரின் அடித்தட்டில் இரண்டு தறையாணிகள் இருக்கும். அவற்றின் தலையைத் துளைப்பானால் நீக்கினால் வண்டி மூன்று நான்கு கூறாகக் கழன்றுவிடும். மீண்டும் பூட்டத் திருகாணி போதும். பழைய வண்ணத்தை உரித்து, உடல் கருப்பும் கூரை மஞ்சளுமாகப் பூசினால் அது கேரளத்து வாடகை வண்டி. வெள்ளை பூசிச் சிவப்புச் சுழல்விளக்கு வைத்தால் அமைச்சர் வண்டி. அவ்விளக்கு 2017 மே 1ஆம் நாளோடு சாலையில் மறைந்தது. அம்பாசிடர் வண்டியே 1957 முதல் ஓடி, 2014 மே திங்களில் உற்பத்தி நின்றுபோயிற்று. நம் பேரப்பிள்ளைகள் அதை இச்சிற்றுருவில்தான் காண்பார்கள் போலும். 1938இன் காமர் பேருந்தை நம் சிறுவருள் எவரேனும் செய்து முடித்தால், அடுத்த ஆண்டு விழாவில் அவனுக்கு நம் செலவில் ஒரு பரிசு உண்டு. இது மேடைப் பேச்சன்று, செயலாளர் குறித்துக்கொள்வாராக.

"இதனால் பிழைப்புக்கு வழி உண்டா?" என்ற கேள்வி எழும். எழுவது இயல்பே, நாம் ஊர்விட்டு வந்தவர்கள் பிழைப்பை எண்ணித்தான் வந்தோம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆதரவில் ஃபிஷர் பாடி கைவினைஞர் கழகம் என்று ஒன்று 1930 முதல் 1968 வரை நடந்தது. சிறுவர்கள் தங்கள் வீட்டிலேயே மாதிரி செய்து அனுப்ப வேண்டும். தொடக்கத்தில் நெப்போலியன் காலத்து அரச வண்டி; பின்னர் அவரவர் கற்பனையில் எழுந்த சிற்றுந்து, பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில். பரிசு, பல்கலைக்கழகக் கல்விக்கான உதவித்தொகை. 1947இல் அப்பரிசு பெற்ற சார்லஸ் ஜோர்டான் என்னும் இளைஞர், 1986இல் அதே நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைக்குத் துணைத்தலைவரானார். இதைக் கேட்டு, நம் பையனும் துணைத்தலைவனாவான் என்று இன்றிரவே எவரும் கணக்குப் போட வேண்டா. கரூரில் பேருந்துக் கூடு கட்டுவோரும், பணிமனைகளில் தகடு வெட்டுவோரும், வீட்டு வரைபடம் வரைவோரும் நாள்தோறும் செய்வது இந்த அளவு வேலையைத்தான் என்று மட்டும் சொல்லி அமைவோம்.

வாயிலில் நிற்கும் பேருந்தைப் பற்றி ஒரு செய்தி எஞ்சியிருக்கிறது. அது நாகர்கோவில் செல்லும் தமிழ்நாட்டு அரசுப் பேருந்து. வண்ணம் முடிந்து, சக்கரம் பூட்டி, ஊர்ப்பலகை எழுதும் நாள் வந்தது. பையன் படிப்பது மலையாளப் பள்ளியில். வீட்டில் தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. அது அவன் குற்றமன்று. யார் குற்றம் என்பதை இவ்வவையில் நாம் ஆராயப் போவதில்லை. அவன் மலையாள எழுத்தில் அழகாக எழுதி ஒட்டினான். தமிழ்நாட்டுப் பேருந்தின் நெற்றியில் மலையாளம் மட்டும் இருப்பது அளவு தவறிய சக்கரத்துக்கு ஒப்பானதன்றோ? அதை நாம் சுட்டியதும் அவன் முகம் வாடிற்று. மறுநாள் பள்ளிவிட்டு நேரே களியக்காவிளைப் பேருந்து நிலையத்துக்குச் சென்று, உண்மைப் பலகையைப் படம் எடுத்துவந்து, ஓவியம் தீட்டுவதுபோல் ஒவ்வோர் எழுத்தாக வரைந்தான். உண்மையில் ஒரு சாண் உயரத்துக்குக் குறைந்த எழுத்து, அவன் பலகையில் 6 மில்லிமீட்டர்.

அவன் ஆச்சி திருநெல்வேலிப் பக்கத்தவர். தமிழ் மட்டுமே படிப்பவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேருந்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நாகரகோவில... இது எந்த ஊரு மக்கா?" என்றார். பையன் திகைத்தான். இரண்டு இடத்தில் புள்ளி விடுபட்டிருந்தது. படத்தில் அவை தூசி என்று எண்ணி விட்டுவிட்டானாம்! ஆச்சி நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் ரகரத்தையும் அதன் பக்கத்தில் புள்ளி வைத்த ரகரத்தையும் எழுதி, இரண்டையும் ஒலித்துக் காட்டினார். லகரத்துக்கும் அவ்வாறே செய்தார். அன்று இரவு பதினெட்டு மெய்யும் அந்தத் தாளில் ஏறின. தாள் போதாமல் அடுத்த திங்களின் தாளையும் கிழித்தார்கள்.

இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவில் ஒரு புள்ளி, ஒரு மில்லிமீட்டரும் இராது. தூரிகைக்கு அது அடங்கவில்லை. ஊசி முனையை வெள்ளை வண்ணத்தில் தோய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு புள்ளிகளை வைத்தான். லகரத்தின்மேல் உள்ள புள்ளி சற்றே வலப்புறம் விலகியிருப்பதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம். அதை அழித்துத் திருத்தப் போனான். ஆச்சி வேண்டாவென்று தடுத்துவிட்டார். அடுத்து அவன் செய்யப்போவது திருநெல்வேலிப் பேருந்தாம். அப்பலகைக்கு வேண்டிய எழுத்துகளை இப்போதே எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறான்.

 வெளியே செல்லும்போது பேருந்தைப் பாருங்கள். கையால் தொட வேண்டா, பக்கக் கண்ணாடியின் பசை இன்னும் முற்றும் காயவில்லை.